குழாயோரத்து இடம்

என் வீட்டுக்காரர் தனக்கென்று தனியாக ஒரு கல்லறை இடம் பார்த்து வைத்திருக்கிறார் என்ற சேதியை எனக்குச் சொன்னது அவரில்லை, கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர். அதுவும் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

சனிக்கிழமை காலையில் நான் அங்கே போவது வழக்கம். என் முதல் கணவரின் கல்லைத் துடைத்து, சுற்றிலும் முளைத்த களையைப் பிடுங்கிவிட்டு வருவேன். அன்றைக்குக் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. இப்போதுள்ளவருக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் எதற்கெடுத்தாலும் நடுங்குகிற ரகமில்லை. ஆனால் எதையும் முன்கூட்டியே ஒழுங்கு பண்ணி வைக்கிற ரகம். முதல் கணவரின் கல், இரண்டு பேருக்கான அகலக் கல். ஒரு பாதியில் அவர் பேரும் பிறந்த வருடமும் இறந்த வருடமும். மறுபாதியில் என் பேர், நான் பிறந்த வருடம், பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. இன்னும் ஆள் வரவில்லையே என்று அந்தக் கல் என்னை முறைப்பதாகவே எனக்குத் தோன்றும். என் பாதிக்கு அடுத்தாற்போல் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அதை இவருக்கென்று சொல்லி வைத்துவிடலாமா என்று காவல்காரரைக் கேட்டேன்.

"சாருக்கா? சார்தான் முன்னாடியே வந்து எடம் பாத்துட்டுப் போயிட்டாரே. உங்ககிட்ட சொல்லலியா?"

"எங்க பாத்தார்?"

மண்வெட்டியைத் தூக்கி மறுகோடியைக் காட்டினார். மேற்குச் சுவரை ஒட்டித் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. பூச்செடிக்கு ஊற்றுகிற வாளிகளும், காய்ந்த மாலைகளும், உடைந்த ஜாடிகளும் குவிந்து கிடக்கிற மூலை அது.

"அதை யாரும் கேக்க மாட்டாங்கம்மா. எப்பவும் சொதசொதன்னு இருக்கும். நானும் சொல்லிப் பாத்தேன். அதுதான் வேணும்னுட்டார்."

"ஏனாம்?"

"யாருக்கும் இடைஞ்சலா இருக்கக் கூடாதாம்."

செத்த பிறகு இந்த மனிதர் யாருக்கு இடைஞ்சலாக இருக்கப்போகிறார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தோட்டத்தின் அந்தக் கோடியில் போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறாராம்.

யார் எவர் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். என் முதல் கணவர் பஸ் ஓட்டியவர். தெரு முழுக்க அவருக்கு 'டிரைவர்' என்றுதான் பேர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். எங்கள் கிறிஸ்தவ சபையில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று அவர் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அவருக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் நிற்பார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், அதனால் 'ஃப்ரிட்ஜ்காரர்'. டிரைவரைவிட வயதில் சின்னவர். அவரை "அண்ணே" என்பார், என்னை "அண்ணி" என்பார், என் மகள் இவரை "சித்தப்பா" என்பாள். சொந்தமென்று பார்த்தால் ஒன்றுமில்லை. பாட்டில் தொடங்கிய பழக்கம்.

டிரைவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. கடைசி வருடம் படுக்க முடியாமல், பகலெல்லாம் சமையலறை மேசைக்கு முன்னால் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வேலை முடிந்து ஃப்ரிட்ஜ்காரர் வருவார். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் டிரைவர் உள்ளிருந்தே குரல் கொடுப்பார். "ஏன்டா இவ்வளவு லேட்டு, உக்காரு." வேலையில்லாத ஒரு நாள் ஃப்ரிட்ஜ்காரர் மத்தியானமே வந்து நின்றார். அன்றைக்கும் அதேதான். பிறகு சீட்டுக்கட்டு வெளியே வரும். டிரைவர் திருட்டாட்டம் ஆடுவார். கோட்டுப் பையில் சீட்டை ஒளித்து வைத்துக்கொண்டு, மூச்சு வாங்குகிற சாக்கில் குனிந்து எடுப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். தெரிந்தும் தோற்போம். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிடும் என்று நான்தான் ஆட்டத்தை நிறுத்துவேன்.

அவர் போன பிறகு ஃப்ரிட்ஜ்காரர் வீட்டுப் பக்கமே வரவில்லை. தனியாக இருக்கிற பெண்பிள்ளை வீட்டுக்கு வந்து போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற தயக்கம். சில வருடம் கழித்து என் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. வேறு ஒருவரைக் கூப்பிட்டேன், அவர் உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போனார். கடைசியில் இவரைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று. வெளியூரில் வேலை பார்க்கிற என் மகள்தான் போனில் முதலில் வாயைத் திறந்தாள்.

"பேசாம சித்தப்பாவையே கட்டிக்கோம்மா. ஃப்ரிட்ஜாவது ஒழுங்கா ஓடும்."

கட்டிக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறோம். டிரைவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இவர் சபைக்குப் போகிறார். மகள் இன்னும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அவரே சில சமயம் கை சுட்டுக்கொண்டாலோ, பல்லி விழுந்தாலோ, பதற்றத்தில் என்னை "அண்ணி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறையில் மண்டியிட்டு உட்கார்ந்து, எங்கள் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் புது ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார். மண்டியிட்டதற்கே மூச்சு இரைத்தது.

"குழாய்க்குப் பக்கத்துல எடம் பாத்திருக்கீங்களாமே."

ஸ்க்ரூடிரைவர் நின்றது. "காவல்காரர் சொன்னாரா?"

"இல்ல, வானத்துலேருந்து சத்தம் வந்துச்சு."

"ஈரமான எடம்தான். நமக்கென்ன, ஃப்ரிட்ஜுக்குள்ள தலைய விட்டே பழகினவங்க." சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"பேச்சை மாத்தாதீங்க. எனக்குப் பக்கத்துல எடம் சும்மா கெடக்கு. அத விட்டுட்டு அங்க எதுக்குப் போறீங்க? நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல."

ரப்பரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஆபரேஷன் தேதியை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிவிட்டிருந்தார். முதல் தடவை ஏதோ ஹோட்டலில் குளிர் அறை பழுது என்றார். அடுத்த தடவை ஜலதோஷம் என்றார். வால்வு சுருங்கிக்கொண்டே போகிறது, இனியும் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். கத்திக்குப் பயப்படுகிறார் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். ஸ்க்ரூடிரைவரைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டு எதிரே நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் எழுந்திருக்க முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"இங்க பாரு. நம்ம தோட்டத்துல எல்லாரையும் கெழக்க காலை நீட்டித்தான் வைக்கிறாங்க. எதுக்கு? கடைசி நாள்ல எக்காளம் ஊதினா எல்லாரும் அப்படியே கெழக்கப் பாத்து எந்திரிக்கணும். ஆண்டவர் அந்தப் பக்கத்துலேருந்துதான் வருவார்."

"சரி."

"நான் உனக்குப் பக்கத்துல இருந்தா என்ன ஆகும்? அண்ணன் எந்திரிப்பார். திரும்பிப் பாப்பார். நீ இருப்ப. உனக்கு அந்தப் பக்கம் நான் நிப்பேன், அவரு கோட்டப் போட்டுக்கிட்டு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"மேக்குச் சுவர்ல இருந்தா நான் எல்லாருக்கும் பின்னாடி. நீங்க ரெண்டு பேரும் முதல்ல பாத்துப் பேசிக்குங்க. நான் மெதுவா வரேன். கூப்பிட்டா வரேன். கூப்பிடலைன்னாலும் பரவாயில்ல."

"இதுக்காகவா ஆபரேஷனத் தள்ளுறீங்க?"

பதில் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது.

"அவரு வீட்டுல சாப்பிடுறேன். அவரு கோட்டப் போட்டுக்கிட்டுச் சபைக்குப் போறேன். அவரு மக கல்யாணத்துல அவரு நிக்க வேண்டிய எடத்துல நான் நின்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர் முன்னாடி போய் நிக்கிறது? அந்த ஆபரேஷன் மேசையில ஏதாவது ஆயிட்டா, அன்னைக்கே அவரப் பாத்தாகணுமே. என்ன சொல்றதுன்னு நான் இன்னும் யோசிச்சு வைக்கல."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. செத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவனுக்கு இப்படி ஒரு பயம் வராது. அரைகுறையாக நம்புகிறவனுக்கும் வராது. இந்த மனிதர் நித்திய ஜீவனை அடுத்த தெருவை நம்புகிற மாதிரி நம்புகிறார். பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற இடத்தில் டிரைவர் நின்றுகொண்டிருப்பார் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமில்லை. அதனால்தான் பஸ் ஏற மாட்டேன் என்கிறார். இந்த விசுவாசத்தைப் பாராட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இப்படியே விட்டால் இவரும் என் கையைவிட்டுப் போய்விடுவார். இன்னொரு தடவை ஓர் ஆளைப் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் போதகரிடம் சொன்னேன். சின்ன வயசு, நல்ல பிள்ளை, படிப்பாளி. உடனே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் டீ வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இது ஒன்றும் புதுக் கேள்வியில்லை என்று ஆரம்பித்தார்.

"ஆண்டவர்கிட்டயே கேட்டாங்க. ஒரு அம்மா ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஏழு பேரக் கட்டினாங்க. உயிர்த்தெழும்போது அவங்க யாருக்கு மனைவி?"

இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஏழு பேரா?"

"ஆமா, ஏழு பேர்."

"பாவம், அந்தம்மா எத்தன பேருக்குத் துணி துவைச்சாங்களோ," என்றேன் நான்.

"ஆண்டவர் என்ன சொன்னாருன்னா, அங்க கல்யாணங்கிற ஏற்பாடே கிடையாது. எல்லாரும் தேவதூதர்கள் மாதிரி இருப்பாங்க. அதனால நீங்க இந்தக் கவலையே பட வேண்டாம் ஐயா."

சிக்கலை அவிழ்த்துவிட்ட திருப்தியோடு டீயைக் குடித்தார். வாசலில் குடையை எடுத்துக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில், "அங்க எதுவும் குறையாதும்மா, கூடத்தான் செய்யும்," என்றார். அவர் போகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் நிற்கவில்லை.

உள்ளே வந்தால் இவர் முன்பைவிடத் தளர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அங்க நீ யாரோ, நான் யாரோ."

"அப்படியா சொன்னார்?"

"வேற என்ன? அண்ணனும் ஒனக்கு யாரோ. இத்தன வருஷமும் சும்மாவா? நீ அவர் கூட இருந்தா எனக்கு எடமில்லன்னு பயந்தேன். இப்ப அவருக்கும் எடமில்ல."

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. இரண்டு பேரைக் கட்டி, ஒருத்தருக்கு மூச்சு வாங்கும்போது முதுகு தடவி, இன்னொருத்தருக்கு மாத்திரை எடுத்து வைத்து, கடைசியில் அங்கே போனால் ஒருவரும் இல்லையா? போதகருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அவருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் திட்டினேன். சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"சித்தப்பா மறுபடியும் தள்ளிட்டாரா?"

"இன்னும் தள்ளல. தள்ளிடுவார்."

"விடாதம்மா," என்றாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தேதி செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் இவர் கோட்டைக் கழற்றி நேராக என் தையல் மிஷின் மேல் வைத்தார். எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. துணியைப் பிடித்துக் கொடுப்பது, பிரித்துக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது, இதுதான் என் பிழைப்பு. அந்தக் கருநீலக் கோட்டையும் நான்தான் கல்யாணம் ஆன புதிதில் அவர் அளவுக்குப் பிடித்துக் கொடுத்தேன். டிரைவர் போட்டால் பொத்தான் திணறும். பிடிக்காமல் இவர் போட்டால் உள்ளே இன்னொருத்தர் குடியிருக்கலாம்.

"இதப் பிரிச்சுப் பழைய அளவுக்கே விட்டுடு," என்றார்.

"எதுக்கு?"

"சவப்பெட்டியில எங்கூட வச்சு அனுப்பு. அங்க போனதும் குடுத்துடுறேன். அவரு பொருள் அவருகிட்டயே போகட்டும். இதச் செஞ்சு குடுத்தா செவ்வாய்க்கிழமையப் பத்தி யோசிக்கிறேன்."

இந்த ஆளிடம் என்ன பேசுவது? ஆபரேஷனுக்குப் போகிறேன் என்கிறாரா, போய்ச் சேருகிறேன் என்கிறாரா? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு கோட்டை எடுத்தேன். யோசிக்கிறேன் என்ற அளவுக்காவது இறங்கி வந்திருக்கிறாரே.

மத்தியானம் அவர் தூங்கும்போது தையலைப் பிரித்தேன். நல்ல துணியை வெட்ட எனக்குக் கை வராது. அதனால் முன்பு அவர் அளவுக்குப் பிடித்தபோதும் எதையும் வெட்டவில்லை. அதிகமாக இருந்ததை உள்பக்கம் மடித்து அப்படியே தைத்திருந்தேன். மடிப்பு விரிய விரிய, வெயில் படாத துணி கடையில் வாங்கினபோது இருந்த அதே நிறத்தில் வெளியே வந்தது. ஒரு விரல் அகலம் குறையவில்லை. அப்போதுதான் போதகர் குடையை எடுத்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது.

கையில் துணியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் ஃப்ரிட்ஜ்காரரைக் கட்டிக்கொண்டதால் டிரைவர் மேல் எனக்கிருந்த பிரியத்தில் ஏதாவது குறைந்ததா? இல்லை. இவர் மேல் வைத்தது வேறிடத்திலிருந்து எடுத்து வைத்ததா? அதுவும் இல்லை. அந்தக் கடைசி வருடம் சமையலறை மேசையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் இருந்தோம். யாருக்கும் யாரும் போதாமல் போகவில்லை. போதாமல் இருந்தது நேரம் ஒன்றுதான். நேரம் கொஞ்சமாக இருப்பதால்தான் இங்கே உனக்கு எனக்கு என்று பங்கு போட வேண்டியிருக்கிறது, ஒருத்தர் போன பிறகு இன்னொருத்தர் வர வேண்டியிருக்கிறது. நேரமே தீராத இடத்தில் யார் யாருக்காக எழுந்து இடம் கொடுக்க வேண்டும்? கல்யாணம் இல்லை என்று ஆண்டவர் சொன்னது, இருப்பதைப் பிடுங்குவதற்காக இருக்காது என்று எனக்குப் பட்டது. போதகரைத் திட்டினதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆனால் இதையெல்லாம் இவரிடம் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது. நான் பிரசங்கம் செய்தால் அவர் தூங்கிவிடுவார், சபையிலேயே தூங்குகிறவர்.

சாயங்காலம் கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி முன்னால் நின்றார். தோள் இரண்டும் முழங்கையை நோக்கி இறங்கின, கை நுனி எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் சிரித்தேன், கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார்.

"சரி, இப்ப இங்க வாங்க," என்று சமையலறைக்குக் கூட்டிப்போனேன். டிரைவருடைய நாற்காலியை மேசைக்கு முன்னால் இழுத்துப் போட்டேன். "நீங்க வெளிய போய் நில்லுங்க. அவர் இதுல உக்காந்திருக்கார். நீங்க இப்பத்தான் வந்து சேர்றீங்க, அவரு கோட்டப் போட்டுக்கிட்டு."

"வெளையாடாத."

"யோசிச்சு வைக்கலன்னீங்கல்ல? இப்ப யோசிங்க. போங்க."

எதற்குத்தான் போனாரோ, போனார். கதவைத் திறந்துகொண்டு வந்து நிலையருகே நின்றார். காலி நாற்காலியைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. விளையாட்டு எல்லை மீறிவிட்டதோ என்று நினைத்தேன். ஆனாலும் விடவில்லை.

"அவர் ஒங்களப் பாத்துட்டார். இப்ப அவர் என்ன சொல்லுவார்? அவரு குரல்லயே சொல்லுங்க. பாடகர் குழுவுல அவர மாதிரிப் பேசிக் காட்டுவீங்களே."

அவர் வாயைத் திறந்தார். கடுமையாக ஏதோ சொல்லத்தான் திறந்தார், அது எனக்குத் தெரிந்தது. துரோகி என்றோ, என் வீட்டில் உனக்கு என்ன வேலை என்றோ, இத்தனை வருடமாகத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை. ஆனால் டிரைவரின் குரலுக்காக நெஞ்சை விரித்து மூச்சை இழுத்ததும், அந்தக் குரலில் வருகிற வார்த்தைதான் வந்தது.

"ஏன்டா இவ்வளவு லேட்டு. உக்காரு."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப்போனார். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"வேற ஏதாவது சொல்லுவாரா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். மறுபடி வாயைத் திறந்து பார்த்தார், மூடிக்கொண்டார். "வர மாட்டேங்குது," என்றார். "அவர் குரல்ல வேற எதுவும் வர மாட்டேங்குது அண்ணி."

நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெரிய கோட்டோடு வந்து, டிரைவர் நாற்காலிக்கு எதிரே தான் எப்போதும் உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைமேல் கையை வைத்து அழுதார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் கண்ணீர் வந்தது, ஆனால் அது வேறு கண்ணீர். பல நாள் பூட்டியிருந்த அறையில் ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது எனக்கு.

"அப்புறம் சீட்டக் கலைப்பார்," என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"திருட்டாட்டம் ஆடுவார்."

"அங்க அதெல்லாம் நடக்காது. அங்க நான்தான் ஜெயிப்பேன்." கையை வைத்துக் கண்ணைத் துடைக்கப் பார்த்தார், கைக்குப் பதில் கோட்டுக் கைதான் வந்தது. "நீயும் இருப்பல்ல?"

"இல்லாம? இருமினா ஆட்டத்த நிறுத்த ஆள் வேணாமா?"

"அங்க இரும மாட்டார்."

"அப்ப நிறுத்தவே வேணாம்," என்றேன். நிறுத்தாத ஆட்டம் என்று நினைத்துப் பார்த்ததும் எனக்கே மனசு லேசாகிவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செவ்வாய்க்கிழமை எத்தன மணிக்குப் போகணும்?" என்று கேட்டார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"காலையில. கோட்டக் கழட்டுங்க, மறுபடி ஒங்க அளவுக்குப் பிடிக்கணும்."

"பெட்டியில வைக்கிறது?"

"அவருக்கு அங்க குளிராது. கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தார். "அந்தக் குழாய்ப் பக்கத்து எடம்..." என்று இழுத்தார்.

"காவல்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அங்க ஈரம் கொஞ்சம் அதிகம்தான்," என்று ஒப்புக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை போனோம். மகள் முந்தின நாளே வந்துவிட்டாள். ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், வேலைக்குக் கிளம்புகிற மாதிரி. நான்தான் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அத்தனை தெளிவாக இருந்த எதுவும் அங்கே உதவவில்லை. ஆண்டவரே, அங்கே நேரம் தீராது, எனக்குத் தெரியும், ஆனால் இங்கே இன்னும் கொஞ்சம் கொடும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் என் கையை விடவேயில்லை.

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. வால்வு நன்றாக வேலை செய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். மகள் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு ஏனோ பசிதான் வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் ஒருத்தர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். உடம்பெல்லாம் குழாயும் ஒயருமாகப் படுத்திருந்தார். அவருக்கு ஒதுக்கின இடம் கடைசியில் குழாயோரமாகவே அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பதற்கு இப்போது எனக்குத் தைரியம் இருந்தது. பக்கத்தில் போய் நெற்றியில் கை வைத்தேன். இமை அசைந்தது. கண்ணைத் திறந்து மேலே வெள்ளைக் கூரையைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார், வெள்ளை உடுப்பில் நின்ற நர்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நர்ஸ் இருக்கிற பக்கமும் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பி யாரையோ தேடினார்.

"அண்ணன் எங்க?" என்றார்.

குரலில் பயம் துளிக்கூட இல்லை. நிஜத்தைச் சொல்லப்போனால், ஆள் இல்லையே என்று லேசான ஏமாற்றம்தான் இருந்தது. எத்தனை நாள் யாரைப் பார்க்கப் பயந்து ஒளிந்தாரோ, அவரைத்தான் கண் விழித்ததும் தேடுகிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. குனிந்து அவர் காதருகே சொன்னேன்.

"அவர் அங்கதான் இருக்கார். எங்கயும் போயிட மாட்டார். நீங்க இப்ப இங்க இருங்க."

யோசித்துப் பார்த்து, "சரி" என்றார். என் விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனார்.